முள் நுழையாத பட்டறை

செப்டம்பர் 1, ஞாயிறு

துணி துவைக்கும் பால்கனி இன்று முதல் பட்டறை. மாமனார் அப்படித்தான் பெயர் வைத்துவிட்டார். "ஒரு உளி இருந்தாலும் பட்டறைதாம்மா." என்னிடம் உளிகூடக் கிடையாது. ஒரு செதுக்குக் கத்தி, சின்ன ரம்பம், மரத்தைக் கவ்விப் பிடிக்க ஓர் இரும்புப் பிடி, ஒரு கட்டு உப்புத்தாள். வாஷிங் மெஷினைச் சுவரோரம் ஒதுக்கி, இவருடைய பழைய கம்ப்யூட்டர் மேசையைப் பக்கத்தில் போட்டோம். இவர் தள்ளிய வேகத்தில் மேசைக்கு ஒரு கால் நொண்டி.

"நொண்டி மேசையில நொண்டி மீனுதான்டா வரும்" என்றார் மாமா மகனைப் பார்த்து.

எல்லாம் மாமாவால் வந்த வினை. ஞாயிறு தவறாமல் ஏரிக்குத் தூண்டிலோடு போகிறவர். ஆனால் மண்புழுவைத் தொட அருவருப்பு, பொய்மீன்தான் வேண்டும். மரத்தில் மீன் போலச் செதுக்கி வண்ணம் பூசியது. தண்ணீரில் இழுத்தால் வாலாட்டி நெளியும், பெரிய மீன் நம்பி வந்து கவ்வும். போன மாதம் அவருடைய செல்லப் பொய்மீன் பாறையில் அடித்து உடைந்துபோயிற்று. வீட்டில் மனிதர் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. உடைந்த துண்டுகளை ஒட்டவைத்து, அளவெடுத்து, பழைய அலமாரிப் பலகையில் அப்படியே ஒன்று செதுக்கிக் கொடுத்தேன். நீந்தியது!

அதைத் தூண்டில் கடைக்காரரிடம் போய்க் காட்டியிருக்கிறார். அவர் நேற்று என்னிடமே போனில் சொன்னார்: "இதே கைவேலைல சின்ன சைசா கொஞ்சம் செஞ்சு குடுங்க. ஆனா ஒழுங்கா நீந்தணும். நீந்தாததை என் கடையில தொங்கவிட மாட்டேன்."

குழந்தை பிறந்த பிறகு என்னிடம் வருகிற "குடு" எல்லாம் பால் குடு, மருந்து குடு, பிள்ளையை என்னிடம் குடு, நீ சரியாகப் பிடிக்கவில்லை. செய்து குடுங்க என்று யாரும் கேட்கவில்லை. அதனால்தானோ என்னவோ, உடனே சரி என்றுவிட்டேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

சரி என்று சொன்ன வாய்க்கு என்ன, தூக்கம் போனது எனக்குத்தானே.

முள். மூன்று கொக்கி ஒன்றாக முளைத்த தூண்டில் முள். மீனுக்கு வயிற்றில் ஒன்று, வாலில் ஒன்று. என் மகள் சுண்டெலிக்கு இரண்டரை வயது. கண்ணில் படுவதெல்லாம் அவளுக்குச் சாப்பாடு. போன வாரம் ரிமோட்டின் பொத்தானைக் கடித்தவள். ஒரு முள் மேசையிலிருந்து விழுந்து, துணியோடு துணியாக உள்ளே வந்து, அவள் பாதத்தில்... வாயில்... வேண்டாம், எழுதினால் நடந்துவிடும் போல இருக்கிறது.

காலையில் சட்டம் போட்டேன்: இந்த வீட்டு வாசலைத் தாண்டி ஒரு முள்ளும் உள்ளே வராது. மாமாவின் முள் டப்பா ஸ்கூட்டரின் பெட்டியிலேயே இருக்கும். முள் மாட்டுவது ஏரிக்கரையில்தான். மீனின் வயிற்றில் கனத்துக்கு எல்லோரும் ஈயம் வைப்பார்களாம். அதுவும் கூடாது, விஷம். சைக்கிள் சக்கரத்தின் இரும்புக் குண்டு போதும்.

"கத்தி மட்டும் வரலாமா மேடம்?" என்றார் இவர்.

"பூட்டு போட்டு வரலாம்."

செப்டம்பர் 5, வியாழன்

இவர் பட்டறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் அடித்தார். சுண்டெலிக்கு எட்டாத உயரம். எனக்கும் எட்டவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

அவள் மத்தியானம் தூங்குகிற நேரம்தான் என் நேரம். ஸ்டூல் போட்டு ஏறித் தாழ்ப்பாளைத் திறந்து, மூக்கில் துணி கட்டி, செதுக்கி, ராவி, தரையை ஈரத்துணியால் துடைத்து, கையைக் கழுவி, சட்டையை மாற்றி, ஸ்டூலையும் ஒளித்துவைத்து... (ஸ்டூல் வெளியே கிடந்தால் அவளே ஏறிவிடுவாள்.) செதுக்கும் நேரம் கொஞ்சம், பயப்படும் நேரம் மிச்சம். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் வேறு எதுவும் நினைவில் இல்லை. அவள் மூச்சு விடுகிறாளா என்று இன்று ஒரு முறைதான் போய்ப் பார்த்தேன்.

மீனின் முகத்தில் ஒரு தகட்டைச் செருக வேண்டும். உதடு என்கிறார் மாமா. அதுதான் தண்ணீரைத் தள்ளி உடம்பை நெளிய வைக்கிறது. தயிர் டப்பாவின் மூடியை வெட்டிச் செருகினேன். என் பொய்மீன்கள் எல்லாவற்றுக்கும் தயிர் உதடு.

செப்டம்பர் 15, ஞாயிறு

குளியல் தொட்டியில் சோதனை. முதலாவது குப்புறக் கவிழ்ந்தது. வயிற்றில் ஒரு குண்டு சேர்த்தேன், நிமிர்ந்தது. வால் தூக்கலாக இருந்தது. வால் பக்கம் இன்னொரு குண்டு. பிறகு பார்க்கணுமே! நூலை இழுக்க இழுக்க இடுப்பை ஆட்டிக்கொண்டு, உயிருள்ளது தோற்றது. சுண்டெலி கைகொட்டி "ஓடுது, ஓடுது" என்று ஒரே கூச்சல். இவர்கூட ஆபீஸ் போனை வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

மற்றவற்றையும் அதே போலக் குண்டு வைத்து அடைத்து, வண்ணம் பூசிவிட்டேன். ஒன்றுக்குச் சுண்டெலியின் கவுன் நிறம்.

செப்டம்பர் 22, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

எல்லோருமாக ஏரிக்குப் போனோம். கடைக்காரரும் வந்திருந்தார். மாமா ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்து, ஏதோ நகைப்பெட்டியைத் திறக்கிற பெருமையோடு முள்ளை எடுத்து மாட்டி, வீசினார். இழுத்தார். மீன் வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, நெளியாமல், அசையாமல், விறகுக்கட்டை போல வந்தது. அடுத்ததும் அப்படியே. கவுன் நிறமும் அப்படியே.

"ஏம்மா, இது என்ன... திங்கக்கிழமை வேலைக்குப் போறவன் மாதிரி வருதே" என்றார் மாமா. சிரிக்க வைக்கத்தான் சொன்னார், தெரியும்.

நான் கடைக்காரரிடம் உளறினேன். "வீட்டுல தொட்டியில நல்லா நீந்திச்சுங்க. சத்தியமா."

"அப்ப தொட்டி வெச்சிருக்கவங்களுக்குத்தாங்க விக்கணும்" என்றவர், என் முகத்தைப் பார்த்து, "அவசரம் ஒண்ணுமில்ல. சரியாச்சுன்னா கொண்டாங்க" என்று முடித்தார். நல்ல மனிதர். அதுதான் இன்னும் சங்கடம்.

செப்டம்பர் 23, திங்கள்

இவரோடு சண்டை. சண்டைகூட இல்லை.

ஏரியில் காற்று, அலை, அதனால்தான் என்றார் இவர். மாமாவுக்கு முன்பு செய்தது அதே ஏரியில் நீந்தவில்லையா என்றேன். "அப்ப இன்னும் ரெண்டு செஞ்சு பாரேன்" என்றார். மனசில்லை என்றேன். அதற்கு, "முள்ளுதான் உனக்குப் பயம்னு நெனச்சேன். எல்லாமே பயமா?"

சொன்னவருக்கே சுருக்கென்றிருக்கும். உடனே தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

ஆமா, எல்லாமே பயந்தான். அவ தும்மினா பயம், தும்மலைன்னா பயம். ஒரு பொருளாவது உருப்படியா செஞ்சு ஒருத்தர் கையில குடுத்துரலாம்னு பாத்தேன், அதுவும் வாலைத் தொங்கப்போட்டுக்கிட்டு வருது. நான் என்ன பண்ணட்டும்?

கத்தி, ரம்பம், பிடி எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டேன். மீன்களைச் சுண்டெலியின் குளியல் பொம்மைக் கூடையில் போட்டேன். விளையாடட்டும். முள்தான் இல்லையே.

செப்டம்பர் 25, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே நம்பிக்கை வராது.

சாயங்காலம் தொட்டியில் தண்ணீர் நிரப்பிவிட்டுத் துண்டு எடுக்கப் போனேன். திரும்பினால் சுண்டெலி தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து கவுன் நிற மீனோடு பேசிக்கொண்டிருக்கிறாள். மீனின் வயிற்றில் முள் மாட்டுகிற வளையத்தில் என் தொங்கல் கம்மல். வால் வளையத்தில் அதன் ஜோடி. அலமாரியின் கீழ் இழுப்பறையைத் திறந்திருக்கிறாள். காதில் போட்டால் பிடித்து இழுக்கிறாள் என்று, அவள் பிறந்த பிறகு நான் கழற்றிப் போட்ட கம்மல்.

முதலில் அவளைப் பிடித்து இழுத்தேன். வாயில் விரல் விட்டுப் பார்த்தேன். கடித்தாள். இரண்டு கம்மலும் மீனில்தான் இருக்கின்றன என்று பிறகுதான் புத்தி வந்தது.

"மீனுக்கு கம்மல்" என்றாள். "மீனு கல்யாணம் போது."

"போகட்டும் போகட்டும், இழுத்து விடு." மீனைத் தொட்டியில் விட்டு நூலை அவளே இழுத்தாள். மீன் வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, நெளியாமல், அசையாமல்...

திங்கள்கிழமை வேலைக்குப் போகிறவன்!

கம்மலைக் கழற்றினேன், இடுப்பை ஆட்டிக்கொண்டு நீந்தியது. மாட்டினேன், விறகுக்கட்டை. ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். முள்ளுக்குக் கனம் உண்டு. முள்ளே இல்லாமல் மீனைச் சமன் செய்துவிட்டு, வாலில் குண்டும் வைத்து அடைத்துவிட்டு, கரையில் போய் முள்ளையும் தொங்கவிட்டால் அது எப்படி நீந்தும்? மாமாவின் மீனுக்கு நான் பழைய அளவை அப்படியே எடுத்தேன். அதைச் செய்தவர் முள்ளின் கனத்தையும் சேர்த்தல்லவா செய்திருப்பார். இதைக் கண்டுபிடிக்க இயற்பியல் பட்டதாரி நான் ஒருத்தி, ஒரு மாமனார், ஒரு கடைக்காரர். மூன்று பேருக்கும் தோன்றவில்லை. பட்டம் வாங்கின கையை எங்கே கொண்டுபோய் வைக்க?

சிரித்தேன். ரொம்ப நேரம். சுண்டெலியும் எதற்கென்று தெரியாமல் கூடவே சிரித்தாள்.

இவர் வந்ததும் காட்டினேன். பார்த்துவிட்டு, "அப்ப முள்ள உள்ள கொண்டுவரலாம்ல?" என்றார்.

"எதுக்கு? இதோ இருக்கே."

"கம்மல்லயும் கொக்கி இருக்கேம்மா!"

"அது காதுக்குப் போற கொக்கி. நுனி மழுங்கல். பூட்டி வெப்பேன்."

செப்டம்பர் 26, வியாழன்

கம்மலோடு தூண்டில் கடைக்குப் போனேன். அவருடைய சின்னத் தராசில் ஒரு தட்டில் முள், ஒரு தட்டில் கம்மல். கம்மல் பக்கம் கொஞ்சம் இறங்கியது. கீழே தொங்கிய ஒரு மணியைக் கழற்றினேன். தராசு முள் நடுவில் நின்றது.

"முள்ளு மாட்டாமலா இத்தனையும் செஞ்சீங்க?"

வீட்டுக்குள் முள் வராது, அது சட்டம் என்றேன். கேலி செய்வார் என்று நினைத்தேன்.

"நல்ல சட்டங்க. எங்க வீட்டம்மாவும் போட்டிருந்தா என் உள்ளங்கால்ல தையல் இருந்திருக்காது."

செப்டம்பர் 28, சனி

அட்டைப்பெட்டியின் கட்டை அவிழ்த்தாயிற்று. வால் பக்கத்துக் குண்டுகளைத் தோண்டி எடுக்கிறேன். கம்மலை மாட்டித் தொட்டியில் ஓர் இழுப்பு, கொஞ்சம் மரத்தூளும் பசையும் வைத்து அடைப்பு. சுண்டெலி தொட்டியோரம் நின்று ஒவ்வொரு மீனுக்கும் "கல்யாணம் போயிட்டு வா" சொல்லி அனுப்புகிறாள்.

இவர் எனக்கு ஒரு குச்சி செய்து கொடுத்தார். நுனியில் ஒரு வளைவு; கீழே நின்றபடியே தாழ்ப்பாளைத் தள்ளலாம். கோணல்மாணலாக இருக்கிறது. அன்றைக்குச் சொன்னதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. குச்சி நன்றாக வேலை செய்கிறது.

அக்டோபர் 6, ஞாயிறு

நீந்தின! கவுன் நிறம், கோடு போட்டது, ஒற்றைக்கண்ணன், எல்லாம். முள்ளோடு. ஏரியில். காற்றில்.

மாமா நாலு தரம் வீசினார். ஐந்தாவதில் தூண்டில் வளைந்தது. நல்ல கைநீள மீன். அவர் போட்ட கூச்சலில் கரையில் இருந்தவர்கள் யாரோ தண்ணீரில் விழுந்துவிட்டதாக ஓடி வந்தார்கள். "என் மருமக செஞ்சது, என் மருமக செஞ்சது" என்று முன்பின் தெரியாதவரிடமெல்லாம் பொய்மீனைத்தான் காட்டினார். பிடித்த மீனை யாருக்கும் காட்டவில்லை.

கடைக்காரர் என் மீன்களை ஒவ்வொன்றாகத் துடைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, "அடுத்தது எப்பங்க?" என்றார்.

சுண்டெலி கேட்டது ஒன்றுதான்: "மீனு கம்மல் எங்க?"

அக்டோபர் 10, வியாழன்

ஒரு ஜோடிக் கம்மலை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி மாட்டினால் விடிந்துவிடும். சின்ன முள், நடு முள், பெரிய முள், மூன்றுக்கும் தனித்தனியாக வேண்டும். ஃபேன்சி கடைக்குப் போனேன். தட்டுத் தட்டாக எடுத்துப் போட்டாள் கடைப் பெண். நான் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்துப் பார்த்து ஒதுக்கினேன்.

"என்னக்கா, காதுல வெச்சே பாக்க மாட்டேங்கறீங்க? வீட்டுல கல்யாணமா?"

"ஆமா. எல்லாரும் என் கையால வளந்த பொண்ணுங்க."

அவள் வேலையைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். சுண்டெலி என் இடுப்பில் இருந்தபடி "மீனு, மீனு" என்று உண்மையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் எடுத்து முடித்து, கடைசியாகப் பச்சைக்கல் வைத்த ஒரு ஜோடி. அதற்கு மட்டும் கனம் பார்க்கவில்லை. கண்ணாடி இருக்கிறதா என்று கேட்டேன்.