ஓட்டை இல்லாத வண்டி

ஜூலை 8

காலையில் காப்பி ஆறுவதற்குள் கிரேன் வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. அதன் கொக்கியில் ஒரு துரு மூட்டை தொங்கியது. "யக்கா, கேட்டைத் திற" என்றான் எட்வின். நாலு மாதத்தில் என் தம்பி என்னிடம் பேசிய முழு வாக்கியம் இது ஒன்றுதான் என்பதால் திறந்துவிட்டேன். புத்தி கெட்டவள்.

ஜிப்சியாம். ஜீப்புக்குத் தம்பி மாதிரி இருக்கிறது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், மணலிலும் சேற்றிலும் போகும் என்கிறான். இப்போதைக்கு நாலும் சேர்ந்து உருள மறுக்கின்றன. உப்பளத்தில் வருஷக்கணக்காக நின்ற வண்டி. உப்புக்காற்று தின்றது போக மிச்சத்தை என் முற்றத்தில், செம்பருத்திக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் இறக்கியிருக்கிறார்கள். இந்தப் பாளையங்கோட்டை வீட்டை நான் தனியாகக் கட்டியதே நிம்மதியாக இருப்பதற்குத்தான்.

எதைக் கொடுத்து வாங்கினான்? சங்கு குளிக்கிற சாமான் அத்தனையும். முகக்கண்ணாடி, துடுப்புச் செருப்பு, சிலிண்டர். உப்பளத்துக்காரர் மகனுக்குக் குளிக்கும் ஆசை வந்திருக்கிறதாம். பைத்தியத்துக்கும் பைத்தியத்துக்கும் பண்டமாற்று.

ஏன் கொடுத்தான் என்று கேட்கவில்லை. பிப்ரவரியில் ஆழத்தில் வைத்து அவனுக்கு இடது காது போனது. இனித் தலை தண்ணீருக்குள் போகவே கூடாது என்றார் டாக்டர். பெண்டாட்டி கிறிஸ்டியையும் பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டு, "அக்கா வீட்டுல ரெண்டு நாள்" என்று வந்தவன், மார்ச்சிலிருந்து என் சோபாவில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவள் போன் செய்தால் எடுப்பதில்லை. "பொழப்பு இல்லாம எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஊருக்குள்ள நடக்க?" வந்த அன்றைக்கு ஒரே ஒரு தடவை சொன்னான். அதற்குப் பிறகு மின்விசிறிதான்.

ஜூலை 9

வண்டி அங்கேயே நிற்கிறது. வேறு எங்கே போகும்.

ஜூலை 19

சோபாவை விட்டு எழுந்துவிட்டான். அந்த மட்டும் சரி. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை துருவைச் சுரண்டுகிறான். ஆபீசுக்குக் கட்டிப் போகும் வெள்ளைப் பருத்திச் சேலை கொடியில் கிடந்து காவி ஏறிவிட்டது. கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளர் சந்நியாசம் வாங்கிவிட்டார் என்று நாளைக்கு எல்லோரும் பேசுவார்கள்.

இன்று டிரைவர் சீட்டைக் கழற்றிவிட்டு வண்டிக்குள் நின்றான். கால் இரண்டும் என் முற்றத்துத் தரையில் இருந்தன. பெட்ரோலே வேண்டாம், நடந்தே ஓட்டலாம்.

பக்கத்து வீட்டு ஞானம்பாள் அக்கா மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "தீவாளிக்குள்ள ஓடிருமா, ஜாய்சி?" என்றாள். தாசில்தார் பெண்டாட்டியாக இருந்தவள், எதற்கும் தேதி கேட்பாள். எந்த வருஷத்துத் தீபாவளி என்று கேட்டேன்.

ஒரு வசதி கண்டுபிடித்திருக்கிறேன். அவனுக்கு இடது பக்கமாக நின்று பேசினால் ஒன்றும் காதில் விழுவதில்லை. ஆபீஸ் விட்டு வந்ததும் அந்தப் பக்கம் போய் நின்று மனசில் இருப்பதையெல்லாம் கொட்டுகிறேன். கழுதை, தண்டச்சோறு, துருப்பிடித்த மண்டை - சகலமும். அதன் பிறகு குடிக்கிற காப்பி நன்றாக இறங்குகிறது.

ஆகஸ்ட் 3

பேட்டையிலிருந்து வெல்டிங்காரர் இசக்கிமுருகன் வந்தார். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். "அண்ணாச்சி, தரைய முழுசா அறுத்துத் தள்ளிட்டு புதுத் தகடு வச்சிருவோம். துருவுக்கு மேல எதப் பூசினாலும் அது அடியில தின்னுக்கிட்டேதான் இருக்கும்."

"தகடு உப்புத் தண்ணியில எத்தன நாள் தாங்கும்?" என்றான் இவன்.

"கடல்லயா ஓட்டப் போறீய?"

தகடு வேண்டாமாம். வள்ளத்துக்கு எப்படிச் செய்வார்களோ அப்படியே செய்துகொள்கிறானாம். பைபர் துணியை விரித்துப் பசையை ஊற்றி ஒட்டுகிறான். நாற்றத்தில் எனக்கு மண்டை இடி. முன்பக்கத்தை அணியம் என்கிறான், பின்பக்கத்தைப் பின்தலை என்கிறான். நாளைக்கு நங்கூரம் கேட்பான்.

வண்டியின் அடியில் அங்கங்கே காசு அளவில் வட்ட ஓட்டைகள் இருந்தன. துரு தின்றவை இல்லை, செய்யும்போதே வைத்தவை. "அடியில ஓட்ட வச்சி எவனாவது கட்டுவானா யக்கா?" என்று ஒன்று விடாமல் அடைத்தான். முதல் தடவையாக நியாயமாகப் பேசுகிறான் என்று நானும் தலையை ஆட்டினேன். வள்ளக்காரன் மகள்தானே நானும்.

ஆகஸ்ட் 16

இப்போது மீன் எண்ணெய். வள்ளத்துக்குப் பூசுவதைப் போல வண்டியின் வயிற்றுக்கெல்லாம் பூசியிருக்கிறான். துரு அண்டாதாம். துரு என்ன, மனுஷனே அண்ட முடியவில்லை. தெருவில் உள்ள பூனைகள் முழுவதும் என் முற்றத்தில் மாநாடு போட்டிருக்கின்றன.

ஞானம்பாள் அக்கா மதிலருகே வந்தாள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. "ஜாய்சி, எங்க வீட்டுல முட்ட ஒடச்சது கெடையாது. இப்போ சாமிக்குச் சாம்பிராணி போட்டா அதுவும் மீனா மணக்கு." நியாயம்தான். சைவப் பிள்ளைமார் வீட்டுப் பூஜை அறைக்குள் சாளை மீனைக் கொண்டுபோய்ச் சேர்த்த பெருமை எங்கள் குடும்பத்துக்கு. என்ன சொல்ல? மன்னிச்சிக்கிடுங்கக்கா என்றேன். இடது பக்கம் போய் நின்று வழக்கத்தைவிட அதிகமாகத் திட்டினேன்.

செப்டம்பர் 7

கிறிஸ்டி போன் செய்தாள். 

"அவுக என்ன செய்யுதாவ, மைனி?"

"வண்டிக்கு அடியில கெடக்கான்."

"சாப்பிடுதாவளா?"

"அதுல ஒரு கொறையும் இல்ல."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எங்கள் அண்ணன் வியாகுலம் தன் வள்ளத்தில் வலை இழுக்க வரச்சொல்லி ஆள் மேல் ஆள் விடுகிறாராம். இவன் பதிலே அனுப்பவில்லை. சங்கு எடுத்தவன் வலை இழுக்க மாட்டானாம். துரை!

கடைசியில் சொன்னாள்: "சின்னவகிட்ட ஸ்கூல்ல அப்பா எங்கன்னு கேட்டிருக்காவ. வெளிநாட்டுல இருக்காவன்னு சொல்லியிருக்கா, மைனி."

பாளையங்கோட்டை வெளிநாடு. பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஊருக்குப் போய்விடலாம். வெளிநாடாம்!

நேரே அவன் இடது பக்கம் போய் நின்று சொன்னேன். ஸ்பானரைத் திருகிக்கொண்டே இருந்தான். சரி, வலது பக்கம் போய்ச் சொல்லுவோம் என்று சுற்றி வந்தேன். நிமிர்ந்து பார்த்தான். "என்னக்கா?" சோறு போடவா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். ஏன்? ஏசுவதற்கு மட்டும்தான் எனக்கு வாய் இருக்கிறதா?

அக்டோபர் 5

என்ஜின் பேட்டைக்குப் போய்த் திரும்பி வந்து, வண்ணார்பேட்டைக் கடைகளில் கிடைத்த சாமானையெல்லாம் விழுங்கி, இன்று இருமியது. பிறகு ஓடியது. கரும்புகை முழுவதும் என் செம்பருத்தியின் மேல். முற்றத்திலேயே முன்னால் ஒரு முழம், பின்னால் ஒரு முழம் போனான். அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே. கப்பலோட்டி.

வர்ணமும் அடித்தாகிவிட்டது. வள்ளத்து நீலம், வள்ளத்து வெள்ளை, சுற்றிலும் ஒரு சிவப்புக் கோடு. அணியத்தில் 'புனித சந்தியாகப்பர்' என்று பெயர் வேறு. மேலே மட்டும் பழைய கிழிந்த படுதாக் கூரை. அது பிறகாம். கிறிஸ்துமசுக்கு ஊருக்குப் போகலாமா என்று அவனாகவே கேட்டான். பார்க்கலாம் என்றேன், சிரிக்காமல்.

அக்டோபர் 22

ராத்திரி முழுவதும் மழை. காலையில் எட்வின் வண்டிக் கதவைத் திறந்தான். முற்றத்தில் அலை அடித்தது. அவன் முழங்கால் வரை நனைந்தது. அலை போன பிறகும் உள்ளே தரை முழுவதும் குளம். சீட்டுப் பஞ்சு ஊறி உப்பி நின்றது.

படுதா வழியாக மழை இறங்கியிருக்கிறது. இறங்கிய தண்ணீர் போக வழி வேண்டாமா? அந்த ஓட்டைகள் அதற்குத்தான் இருந்திருக்கின்றன. வெளியே நிற்கும் தண்ணீர் உள்ளே வராமல் பார்க்க எங்களுக்குத் தெரியும். தலைமுறை தலைமுறையாக அதுதான் தெரியும். வானத்திலிருந்து வருவது கீழே போகவேண்டும் என்று எங்கள் குடும்பத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, தலையாட்டிய எனக்கும் சேர்த்து.

சிரித்துவிட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மதிலுக்கு மேலிருந்து ஞானம்பாள் அக்கா, "இனிமே அதுக்குள்ளயே மீனும் வளத்துக்கிடலாம்" என்றாள். அதற்கும் சிரித்தேன்.

எட்வின் செருப்பைக் கழற்றி உதறினான். உள்ளே போனான். சோபாவில் படுத்தான். மின்விசிறியைப் போட்டான்.

அக்டோபர் 25

சோபா. மின்விசிறி. கிறிஸ்டி போன் செய்தாள். நானும் எடுக்கவில்லை.

அக்டோபர் 29

ஆபீசுக்கு லீவு போட்டேன். வண்டிக்குள் கொசு முட்டையிட ஆரம்பித்துவிட்டது. வாளியால் மொண்டு மொண்டு இடுப்பு விட்டுப்போயிற்று. அடிமட்டத் தண்ணீர் வாளிக்குள் வர மாட்டேன் என்கிறது. எனக்கு வந்ததே கோபம். அவன் பெட்டியிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்து, தரையில் ஓர் இடத்தில் வைத்து ஓங்கிப் போட்டேன். போட்டுக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நாள் கோபம்! அவன்மேலா, காதுமேலா, கடல்மேலா, எதன்மேல் என்றே தெரியவில்லை.

"யக்கா! அங்கன போடாத! கீழ பெட்ரோல் கொழாய் போவுது!"

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

"அப்ப எங்கனலே போட?"

"இங்கன. உளியக் குடு."

கொடுக்கவில்லை. வலதும் இல்லாமல் இடதும் இல்லாமல் நேர் எதிரே நின்று சொன்னேன். "ஒன் சின்ன மவ, ஸ்கூல்ல ஒன்ன வெளிநாட்டுல இருக்கன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதா. ஒனக்காவ ஒரு பச்சப்புள்ள பொய் சொல்லுதுலே. நீ இங்கன படுத்து ஃபேன எண்ணிக்கிட்டுக் கெட."

அவன் கையை நீட்டி உளியை வாங்கிக்கொண்டான். ஓட்டை போடுவான் என்று பார்த்தேன். பைபர் ஓரத்தில் உளியை நுழைத்து நெம்பினான். கல்லிலிருந்து தோசை பெயர்கிற மாதிரி மொத்தமாகப் பெயர்ந்து வந்தது. அடியில் பழைய துரு, ஈரமாக, முன்னைவிடப் பெரிதாக. இசக்கிமுருகன் சொன்னது அப்படியே.

சாயங்காலம் அவனே அவருக்குப் போன் செய்தான். அதற்கு முன்னால் வேறொரு போனும் செய்தான். கதவைச் சாத்திக்கொண்டு பேசியதால் என்ன பேசினான் என்று தெரியாது. நானும் கதவில் காதை வைக்கவில்லை. ரொம்ப நேரம் வைக்கவில்லை.

நவம்பர் 23

புதுத் தகடு வைத்தாகிவிட்டது. நான் அப்பவே சொன்னேம்லா என்று இசக்கிமுருகன் வாயால் சொல்லவில்லை, முகத்தால் சொல்லிக்கொண்டே வெல்டிங் வைத்தார். புதுப் படுதாவும் போட்டாயிற்று. ஓட்டைகளை எட்வினே போட்டான், தேவைக்கு மேலேயே. இப்போது மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் நின்று பார்க்க நேரமில்லாமல் கீழே போய்விடுகிறது.

டிசம்பர் 12

தகுதிச் சான்று வாங்கிவிட்டோம். சுற்றிவந்து பார்த்த அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மீன் எண்ணெய் அதன் வேலையைச் செய்கிறது.

டிசம்பர் 27

கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் ஊருக்குப் போனோம். ஓட்டுகிறவனுக்கு இடது பக்கம்தானே பக்கத்து சீட். பாளையங்கோட்டையிலிருந்து கடற்கரை வரைக்கும் என் இஷ்டத்துக்குத் திட்டிக்கொண்டே வந்தேன். அப்படி ஒரு சுகமான பிரயாணம் இதுவரை வாய்த்ததில்லை.

வாசலில் கிறிஸ்டி நின்றாள். அழவில்லை. "வண்டி என்ன இப்படி மணக்கு?" என்றாள். அவளும் என் கட்சி.

பண்டிகை முடிந்து இன்று காலைதான் வள்ளங்கள் கரைக்கு வந்தன. தண்ணீர் ஓரத்திலிருந்து ஏலக் கூடம் வரை மணல் மேடு. லோடு ஆட்டோ அந்த மணலில் இறங்கினால் புதைந்துவிடும். ஆளுக்கொரு பெட்டியைத் தலையில் வைத்துக் கால் புதைய ஏறுவதுதான் வழக்கம். எட்வின் ஒருத்தரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மேட்டிலிருந்து நேரே அலை வரைக்கும் வண்டியை இறக்கினான்.

கரை முழுவதும் சிரித்தது. வியாகுலம் அண்ணன் வள்ளத்தில் நின்றபடியே, "ஏலே, நங்கூரம் எங்கலே?" என்று கத்தினார். என் வாயிலிருந்து களவு போன வார்த்தை.

பெட்டிகளை ஏற்றினார்கள், கேலியாகத்தான். வண்டி ஒரு முழம் நகர்ந்து புதைந்தது. சிரிப்பு கூடியது. சந்தியாகப்பரே, இந்த ஒரு தடவை. எட்வின் இறங்கி, டயர் மணலில் பரந்து உட்கார நாலு சக்கரத்திலும் கொஞ்சம் காற்றைப் பிடுங்கிவிட்டான். ஏறி, கியருக்குப் பக்கத்தில் இருந்த குட்டைக் கம்பியைத் தள்ளினான். நாலும் சேர்ந்து இழுத்தன. பைய, முனகிக்கொண்டு, மேடு ஏறிவிட்டது. கீழே வழியெல்லாம் மீன்தண்ணீர் ஓட்டைகள் வழியாக ஒழுகியது.

திரும்ப இறங்கினான். திரும்ப ஏறினான். அப்புறம் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அடுத்த வள்ளத்துக்காரர் முதலில் என் பெட்டி என்று சண்டைக்கு வந்தார்.

வியாகுலம் அண்ணன் கிட்டே வந்து, வலது பக்கமாக நின்று, "நாளைக்கும் வருவியாலே?" என்று கேட்டார்.

"வெடியக்கால வெள்ளாப்புல எத்தன மணிக்கு?" என்றான் எட்வின்.

சின்னவள் அணியத்தில் ஏறி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நின்ற ஒருத்தியிடம் சொன்னாள்: "எங்கப்பா. வெளிநாட்டுலருந்து வந்துட்டாவ."

நான் திரும்பவேண்டும், திங்கட்கிழமை ஆபீஸ். எட்வின் பஸ் நிறுத்தத்தில் கொண்டுவந்து விட்டான். பஸ் வரும்வரை வண்டியிலேயே உட்கார்ந்திருந்தோம். நான் இடது சீட்டில். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான், சட்டையெல்லாம் செதில். பஸ் தூரத்தில் தெரிந்தது.

"நல்லாச் செஞ்சிருக்கலே" என்றேன்.

அவன் திரும்பவில்லை. காதில் விழுந்திருக்காது. அதனால்தானே சொன்னேன்.