மேல் கீல்

பாப்பா,

அன்று காலை என் சட்டையைத் தேய்த்துக்கொண்டே அம்மா, "என்னங்க, ஜன்னல் கொக்கி ஆடுது" என்றாள். கொக்கியை இழுத்துப் பார்த்தேன். "கல்லு மாதிரி இருக்குடி, உன் தலைதான் ஆடுது" என்று சிரித்துவிட்டுக் கிளம்பினேன். கதவைச் சட்டத்தோடு பிணைக்கும் கீலையும் அவள் கொக்கி என்றுதான் சொல்வாள். அவசரத்தில் அதை மறந்துவிட்டேன். கண்ணாடியைத் துடைக்கச் சாய்ந்தவள், கழன்ற கதவோடு மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தாள்.

நீ என்னோடு பேசாவிட்டாலும் இதைக் கேள். மிச்சமிருக்கும் ஜன்னல் கதவிலும் நேற்று மேல் கீலின் திருகாணி ஒன்று வெளியே வந்திருக்கிறது. பத்து மணிக்குத் தச்சர் வருவார். அதுவரை அந்த அறைக்குப் போகாதே. அவரிடம் "மேல் கீல்" என்றே சொல்.

சாப்பாடு மூடியிருக்கிறது. சாவி செருப்பு அலமாரியில்.

அப்பா

பி.கு.: கொக்கி இன்றும் கல்லு மாதிரிதான் இருக்கிறது.