எஸ்தர் வீட்டு மணிக்கயிறு

3 பிப்ரவரி 2006, வெள்ளி

மார்பில் புற்று என்று அறுத்து, மருந்து ஏற்றிய நாளிலிருந்து எனக்கு மறதி. எஸ்தருக்கும் அதே நோய், அதே மறதி. தினமும் நடந்தால் தலை தெளியும் என்று டாக்டரம்மா சொன்னதால், காலையில் இருவரும் பூங்காவுக்கு நடப்போம். "நீ மறந்தா நான் சொல்றேன், நான் மறந்தா நீ சொல்லு" என்பாள்.

இன்றும் அவள் வீட்டுக்குக் கீழே, மொஹிங்கா என்னும் மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் கடை ஓரமாக நின்று, மூன்றாம் மாடியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் கயிற்றை இழுத்தேன். மேலே மணி அடித்தது. அவள் வீட்டுக்காரர் உடனே எட்டிப் பார்த்தார்.

"எஸ்தரை வரச் சொல்லுங்கண்ணே, வெயில் ஏறுது!" என்று கத்தினேன்.

அவர் ஆடிக்கொண்டிருந்த மணியைக் கையால் பிடித்து நிறுத்தினார். பிறகு, "இன்னைக்கு நீ மட்டும் போயிட்டு வாம்மா" என்றார்.

சோம்பேறி என்று அவளைத் திட்டிக்கொண்டே நடந்தேன். பூங்கா வாசலில்தான், போன மாதம் அவளை அடக்கம் செய்தபோது நானும் பக்கத்தில் நின்றது நினைவுக்கு வந்தது.

திரும்பும்போது அந்தத் தெரு வழியாக வரவில்லை. நாளையும் இழுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. கயிற்றை அவிழ்த்துவிடச் சொல்லலாம். ஆனால் மணி கேட்டதும் அண்ணன் எவ்வளவு வேகமாக எட்டிப் பார்த்தார்.