முப்பத்தாறு அட்டை டைல்ஸும் ஒயிட் சிமென்ட்டும்

ஏசுபாதம்,

இன்று உனக்கு 'மாமா' எல்லாம் கிடையாது. குக்கரில் சோறு, சட்டியில் நெத்திலிக் குழம்பு. கோபத்தைக் குழம்பில் காட்டவில்லை, பயப்படாமல் சாப்பிடு.

நீ நாசம் பண்ணி வைத்திருப்பது, நான் வேலை பார்க்கும் மாமல்லபுரம் ஓட்டலில் தங்கிய வெள்ளைக்காரம்மா எனக்கென்று கொடுத்துவிட்டுப் போன கேம். இந்த ஊரில் ஒருவருக்கும் அதன் பேர் தெரியாது. பகடை உருட்டி, விழுந்த எண்ணுக்கு ஏரியும் ரோடும் வரைந்த ஓர் அட்டை டைல் எடுத்து வைக்கணும். ஏரியை ஏரி தொடணும், ரோட்டை ரோடு தொடணும். கூப்பிட்டால், "நாளெல்லாம் டைல்ஸ் ஒட்டிட்டு வரேன், வூட்லயும் அதானா?" என்பாய். ரெண்டு பேராவது வேண்டிய ஆட்டத்தை நானே ரெண்டு பக்கமும் மாறி மாறி உட்கார்ந்து ஆடினேன்.

நேற்று நான் சர்ச்சுக்குப் போன நேரத்தில், முப்பத்தாறையும் பிளைவுட்டில் கம் போட்டு ஒட்டி, சந்தில் ஒயிட் சிமென்ட் வேறு பூசி, "சுவத்துல மாட்டிக்கோ, சூப்பரா கீதுல்ல?" என்கிறாயே! மூளையையும் சேர்த்துப் பூசிவிட்டாயா?

நாலு மணிக்குப் பக்கத்து வீட்டு ஜாக்குலின் அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்து ஆட, அவரோடு வருவேன். அதற்குள் எல்லாவற்றையும் கிழியாமல் பெயர்த்து வை. சாவி மீட்டர் பெட்டியில்.

ஷாரோன்

பி.கு.: செருப்பு மாட்டும்போது பலகையை மறுபடி பார்த்தேன். நீ ஒட்டியதில் ஓர் ஏரிகூட ரோட்டில் முட்டவில்லை. போனை நோண்டுகிற மாதிரி நடித்து, நான் ஆடுவதைப் பார்த்தே ரூல் முழுக்கக் கற்றிருக்கிறாய். அப்புறம் எதிரே வந்து உட்கார என்ன கேடு? குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு இரு. மூன்று பேரும் ஆடலாம்.