பம்பாய் போவதைப் பற்றி

கொச்சி
12-8-1959

அன்புள்ள அமீருன்னிசாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உன் இருமல் நின்றதா? கொடைக்கானலில் மழை விட்டதா?

எஸ்டேட் துரையின் பழைய மோட்டார் படகில் கேபின் வேலை முடியப்போகிறது. உளுத்த பலகைகளை எடுத்துவிட்டுத் தேக்கு அடித்து, வார்னிஷும் பூசிவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை ஒரு வேடிக்கை. நான் கட்டிலுக்கு அடியில் படுத்து ஸ்குரூ முடுக்கிக்கொண்டிருந்தது தெரியாமல், எஞ்சின்காரர் படகைக் கடலுக்கு ஓட்டிவிட்டார். மழையில் ஊறி உப்பிப்போன கேபின் கதவு திறக்கவில்லை. அவர் நம் வத்தலக்குண்டுக்காரர், பெயர் சேனாதிபதி. வெகுநேரம் தட்டிய பிறகுதான் அவருக்குக் கேட்டது.

"ஏலே ஜமாலு, உள்ளயா கெடக்க? தள்ளி நில்லு" என்று கதவை உதைத்துத் திறந்தார். வார்னிஷ் நெடியில் கொஞ்சம் தலை சுற்றியது, அவ்வளவுதான். அம்மாவிடம் சொல்லாதே.

அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தரையில் நின்றாலும் கால் ஆடுகிறது. சும்மா இருக்கும் நேரமெல்லாம் படகுத்துறை முனைவரை போய்ப் போய்த் திரும்புகிறேன்.

யூகலிப்டஸ் தைலம் ஒரு சீசாவும் பூம்பாறைப் பூண்டு கொஞ்சமும் அனுப்பு. நீ உடுத்திய பழைய சேலை ஒன்றில் சுற்றி அனுப்பு. சீசா உடையாது.

துரைக்குக் கேபின் பிடித்துவிட்டது. படகோடு பம்பாய்க்கு வா, அங்கே இன்னும் இரண்டு படகு இருக்கிறது, ஒரு வருஷ வேலை என்கிறார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். படகு இருபத்திரண்டாம் தேதி கிளம்புகிறது.

தபால்காரர் வந்துவிட்டார். வேண்டாம் என்று நீ ஒரு வரி எழுதினால் போதும், அன்றைக்கே ஊருக்குக் கிளம்பிவிடுவேன். வெரசா எழுது.

ஜமால் முகம்மது