மூன்று சட்டி வெந்நீர்

நேற்று பஜாரில் நாட்டு மருந்துக் கடைக்குப் போயிருந்தேன், அக்கா. நாள் முழுதும் நின்று பாடம் நடத்தினால் மாலையில் கால் கனத்துப் போகிறது. வெந்நீரில் போட உப்பு வேண்டும் என்றேன். கடைக்காரர் நிமிர்ந்து பார்க்காமலே, "கல்லுப்பா, இந்துப்பா, பேதி உப்பா டீச்சர்?" என்று கேட்டு மூன்று டப்பாவையும் திறந்து வைத்தார். இந்துப்பின் அந்த லேசான மண் வாடை மூக்கில் ஏறியது. பிறகு வருகிறேன் என்று திரும்பிவிட்டேன். இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு என்னைவிடப் பதில் தெரிந்தவள் யாருமில்லை.

அந்த ஓட்டு வீட்டின் பின்கட்டில் நாம் இரண்டு டீச்சர்களும் சேர்ந்து குடியிருந்தபோது எனக்கு முப்பத்து மூன்று வயது. நீங்கள் ஆறு வயது மூத்தவர். நீங்கள் கணக்கு, நான் அறிவியல். நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்துவது நம் பள்ளிக்கூடத்தில் வழக்கமில்லை. மாலையில் வந்ததும் இருவரும் சுவரில் சாய்ந்து, காலை நீட்டிப்போட்டு, பேசக்கூடத் தெம்பில்லாமல் கிடப்போம். ஒருநாள் நீங்கள்தான் சொன்னீர்கள்: "ஆளாளுக்கு ஒரு உப்பு சொல்றாக புள்ள. எது கேக்குதுன்னு பாத்துருவோமே. நீ சயின்ஸ் டீச்சர்தான?"

பேதி உப்பு வாங்கப் போனபோது கடைக்காரர், "இது வயித்துக்குல்ல டீச்சர்?" என்று சந்தேகப்பட்டார். "பரவால்ல, காலுக்கும் கொஞ்சம் பேதியாகட்டும்" என்றீர்கள். அவர் சிரித்து முடிக்க வெகுநேரமானது.

கிணற்று நீரே கரிக்கும் ஊரில் உப்பை எப்படிச் சோதிப்பது? உப்பில்லாத தண்ணீரில்தான் செய்ய வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருணியிலிருந்து குடிக்க வாங்கிய நல்ல தண்ணீர் மூன்று குடத்தையும் காய்ச்சி, மூன்று சட்டியில் ஊற்றினோம். வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். "குடிக்கிற தண்ணியில கால அலசுறாளுக. படிச்சவளுகளாம்." அன்று மாலை வரை நாம் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தோம். அதன் பிறகு வாரம் ஒரு சட்டி, வாரம் ஓர் உப்பு என்று குறைத்துக்கொண்டோம்.

கல்லுப்பில் சூடு நன்றாக ஏறியது. ஆனால் தோல் வெளுத்துச் சுருங்கி அரித்தது. இந்துப்பு அரிக்கவில்லை, பெரிதாக எதுவும் செய்யவும் இல்லை. பேதி உப்புத்தான் சுகம். தண்ணீர் வழவழப்பாகி, கெண்டைக்கால் நரம்பு ஒவ்வொன்றாக இளகுவது தெரியும். அந்த வாரம் எனக்கு நல்ல தூக்கம். சோதனை அங்கே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. பக்கத்துத் தறிக்காரர் வீட்டுக் கழிவு நூல் ஒன்றைக் கணுக்காலில் சுற்றி, மையால் புள்ளி வைத்து, வீக்கத்தை அளந்துகொண்டு வந்தோமே. பேதி உப்பில் என் கால் வடிந்தது. உங்கள் கால் வடியவில்லை. விரலால் அழுத்தினேன், விழுந்த குழி எழும்பவே இல்லை. காலையில் உங்கள் கண்ணுக்குக் கீழும் வீங்கியிருந்தது. நிற்பதால் வரும் வீக்கம் முகத்தில் ஏறாது என்பது எனக்குத் தெரியும்.

"கொறஞ்சிருக்கா புள்ள?" என்று கேட்டீர்கள்.

கேட்ட விதத்தில் எல்லாம் இருந்தது. கணவர் வீட்டை விட்டு வந்து, பந்தல்குடியில் அண்ணன் வீட்டில் இரண்டு வருடம் இருந்து, படித்து வாங்கிய வேலை இது. "அண்ணன் நல்லவுகதான். ஆனா அங்க ஒக்காந்து சாப்பிட்டா சோறு தொண்டையிலயே நிக்கும்" என்பீர்கள். நிற்க முடியாத டீச்சர் அந்த வீட்டுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். வெறும் அசதி என்றால் ஏதாவது ஓர் உப்புக்குக் கால் கேட்டாக வேண்டும்.

நான் நூலைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன். "கொறஞ்சிருக்குக்கா" என்றேன்.

இரண்டு மாதம் அப்படியே இறுக்கிப் பிடித்தேன். ஒருநாள் உங்களால் செருப்புப் போட முடியாமல் போனபிறகுதான் மதுரைக்குப் போனோம். இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார் டாக்டர். "உப்புத் தண்ணியில கால வச்சுக்கிட்டு இருந்தோம்" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தீர்கள். சிறுநீரகம் கெட்டுவிட்டது, இனிமேல் சாப்பாட்டில் உப்பே கூடாது என்றார்.

திரும்பும்போது காரியாபட்டியில் பஸ் நின்றது. உப்புக் கடலைக்காரரிடம் ஒரு பொட்டலம் வாங்கி, ஒரே ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டு மிச்சத்தை என் மடியில் வைத்தீர்கள்.

"நூல இழுத்துப் பிடிச்சது எனக்குத் தெரியும் புள்ள."

"தெரிஞ்சும் ஏன்க்கா கேக்கல?"

"கேட்டா நீ நேராப் பிடிச்சிருப்ப."

பஸ் கிளம்பியது. அண்ணனிடம் சொல்லக் கூடாது என்று அதே பஸ்ஸில் என்னிடம் சத்தியம் வாங்கினீர்கள். அதற்குப் பிறகு நான்கு மாதம் நீங்கள் பாடம் நடத்தினீர்கள். கரும்பலகையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றீர்கள், யாரும் கவனிக்கவில்லை. கடைசி இரண்டு நாளில்தான் அண்ணனுக்கு ஆளனுப்பினேன். அவர் வந்தபோது உங்களுக்கு நினைவில்லை.

எனக்கு இப்போது நாற்பத்தாறு. உங்கள் வயதைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டேன். அன்று நான் செய்தது உதவியா, துரோகமா என்று அலுக்க அலுக்க யோசித்துவிட்டேன். வேலையோடு இருந்து போனீர்கள் என்று ஒரு நாள் மனம் ஆறும். முன்னதாக டாக்டரிடம் போயிருந்தால் என்று மறுநாள் கேட்கும். இரண்டுமே பழகிவிட்டன. பழகாதது ஒன்று உண்டு.

காரியம் முடிந்த மறுவாரம் அண்ணன் உங்கள் டிரங்குப் பெட்டியை எடுக்க வந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"முன்னாடியே தெரியுமா டீச்சர்?"

"தெரியும்."

"அவளுக்கு?"

"தெரியும்."

செம்பைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியைத் தோளில் ஏற்றினார். "அப்ப எங்ககிட்டதான் சொல்லல" என்றார்.

அதை அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன், அக்கா.