ஞாயிற்றுக்கிழமைத் தையல் வகுப்பு

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அவருடைய வலது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போக மறுக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பெரியவனும் சின்னக்குட்டியும் உடம்பும் மனசுமாகச் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் போன செவ்வாய்க்கிழமை நீ தொலைபேசியில் அழுத அழுகை இன்னும் காதிலேயே நிற்கிறது, அதனால் நலம் விசாரிப்பதை இத்தோடு நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். அப்பா முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். அவர் தலையில் மிச்சம் இருக்கிற முடிக்கு ஐந்து நிமிடம் போதும், ஆனால் முடி வெட்டுகிறவரோடு உலக விவகாரம் பேசி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் எழுதி உறையை ஒட்டிவிட வேண்டும்.

நீ என்ன சொன்னாய்? "அம்மா, நீயும்தான் வேலைக்குப் போன, ஆனா தினமும் சாயங்காலம் புதுசா சமைச்சுப் போட்ட. நான் ரெண்டு பிள்ளைங்களுக்கும் கடையில வாங்கினதைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு இருக்கேன். என்னால முடியலம்மா" என்றாய். ராஜினாமாக் கடிதத்தை எழுதி மேஜை இழுப்பறையில் வைத்திருப்பதாகவும் மாதக் கடைசியில் கொடுத்துவிடப் போவதாகவும் சொன்னாய். நீ கையெழுத்துப் போட்டால்தான் அங்கே பாலத்தில் வண்டி ஓடும். பாலத்துக்கு அடியில் கயிற்றில் தொங்கிக்கொண்டு விரிசல் தேடுகிற என் பெண், ஒரு சட்டிப் பருப்புக்காக வேலையை விடப் போகிறாளாம். அப்போதே வாயைத் திறந்திருப்பேன், ஆனால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அதனால் நல்லா யோசிச்சு முடிவு பண்ணும்மா என்று மிக யோக்கியமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதன்பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறே இறங்கவில்லை.

உட்கார்ந்துகொண்டு படி. நான் உனக்குத் தினமும் புதிதாகச் சமைத்துப் போட்டதே இல்லை. வாரத்தில் ஒரு நாள்தான் சமைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் எதிர்வீட்டுத் தையல்கார அக்காவிடம் தையல் கற்றுக்கொள்ளப் போனேனே, நினைவிருக்கிறதா, அந்த மூன்று மணி நேரமும் கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் இருவரும் சமைத்துக்கொண்டிருந்தோம். அவளுக்கும் வாரம் முழுக்கத் தலைக்கு மேல் வேலை, எனக்கும் ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறையில் கழுத்து வரைக்கும் கோப்பு. ஒரு அண்டாவில் பருப்பு, ஒன்றில் கோழி, ஒன்றில் வெங்காயமும் தக்காளியும் எண்ணெய் பிரிய வதக்கிய மசாலா. எல்லாவற்றையும் ஆறவைத்து, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து, அவள் வீட்டுப் பின்னறையில் துணி மூட்டைகளுக்குக் கீழே ஒளிந்திருந்த பெரிய ஃப்ரீசரில் அடுக்கிவிடுவோம். பள்ளிக்கூடம் விட்டு நீ அவள் வீட்டில்தான் பொத்தான் எண்ணி விளையாடிக்கொண்டிருப்பாய். உன்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும்போதெல்லாம் என் தோளில் ஒரு பை இருக்குமே, தைத்த துணி என்று சொல்வேனே, அதற்குள் இருந்தது ராத்திரி சாப்பாடு. ஒருநாள் நீ பையைத் தொட்டுப் பார்த்து, ஏம்மா துணி இவ்ளோ சில்லுன்னு இருக்கு என்று கேட்டாய். புதுத்துணின்னா அப்படித்தான் இருக்கும் என்றேன். நீ நம்பிவிட்டாய். இப்போது இஞ்சினியர். வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரை இருபத்திரண்டு வருடம் தையல் வகுப்புக்குப் போனவளுக்கு ஒரு பொத்தான்கூடத் தைக்கத் தெரியாது என்பது நம் வீட்டில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அப்படியானால் வீடு முழுக்க வந்த சமையல் வாசனை என்ன என்று கேட்பாய். அது ஒரே ஒரு வெங்காயம். உன் அப்பா ஆறே முக்காலுக்குப் படியேறுவார், நான் ஆறரைக்கு டப்பாவைச் சூடு பண்ணிப் பாத்திரத்தில் மாற்றிவிட்டு, சரியாக ஆறு நாற்பதுக்கு ஒரு வெங்காயத்தை அரிந்து கொதிக்கிற எண்ணெயில் போட்டு, முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிற்பேன். பாவம், எவ்வளவு கஷ்டப்படற என்பார் அவர். நானும் முகத்தை அதற்குத் தகுந்தாற்போல் வைத்துக்கொள்வேன். சோறு மட்டும் அன்றன்றைக்கு வடித்தது, அதில் பொய் இல்லை.

எதற்கு இந்த நாடகம் என்றால், உனக்கு ஒரு வயதானபோது நான் மறுபடி வேலைக்குப் போக வேண்டும் என்றேன். அப்போது நம்மோடு இருந்த உன் பெரியத்தை, அப்பாவின் அக்கா, அவருக்கு ஃப்ரிட்ஜ் என்றாலே ஆகாது. வேலைக்குப் போகட்டும், ஆனா என் தம்பிக்கும் குழந்தைக்கும் அன்னன்னிக்கு சமைச்சதுதான் போடணும், என்னைக்கு அது முடியலையோ அன்னைக்கு வேலையை விட்டுடணும் என்று சொல்லிவிட்டார். உன் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். சரி என்றேன். மூன்று வாரம் உண்மையாகவே செய்து பார்த்தேன். நாலாவது வாரம் உனக்கு ஊட்டும்போதே உட்கார்ந்தபடி தூங்கிவிட்டேன், நீ கிண்ணத்தை என் மடியில் கவிழ்த்தாய். அடுத்த ஞாயிறே தையல் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். பெரியத்தை பிறகு தன் மகன் வீட்டுக்குப் போய்விட்டார், ஆனால் அதற்குள் உன் அப்பா அவருடைய தொழிற்சாலை முழுக்க, என் வீட்டுல பழசுங்கற பேச்சே கிடையாது என்று பெருமை அடித்து வைத்திருந்தார். அதன்பிறகு எப்படிச் சொல்வது?

அடுத்ததை அப்பாவிடம் மூச்சுவிடாதே. தையல்கார அக்கா வீட்டில் ஒரு நாய் இருந்ததே, பழுப்பு நிறத்தில், அதற்கும் அவள் வேகவைத்த கோழியும் கேரட்டும் சோறுமாக அதே ஃப்ரீசரில், அதே மாதிரி டப்பாவில்தான் வைப்பாள். ஒரு புதன்கிழமை அவசரத்தில் டப்பா மாறிவிட்டது. உப்பில்லை, காரமில்லை, எனக்கு வாயில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. எழுந்திருப்பதற்குள் உன் அப்பா, இன்னைக்குத்தான் வயித்துக்கு இதமா இருக்கு, இப்படியே செய்யேன் என்று இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நீ கேரட்டைப் பொறுக்கி ஓரமாக வைத்தாய். நாய்க்கு நம் மிளகுக் கோழி போய்விட்டது. அது ஒரு வாளித் தண்ணீரைக் குடித்துவிட்டு, மறுநாள் முதல் என்னை எங்கே கண்டாலும் பின்னாலேயே வர ஆரம்பித்தது. பேருந்து நிறுத்தம் வரை வரும். வாயில்லா ஜீவன் மேல என்ன பாசம் பாரு என்று தெருவே என்னைப் புகழ்ந்தது. அன்றிலிருந்துதான் ஒவ்வொரு டப்பாவிலும் உள்ளே என்ன இருக்கிறது, என்றைக்குச் செய்தது என்று எழுதி ஒட்ட ஆரம்பித்தோம். நீயும் ஒட்டு. உறைந்துவிட்டால் பருப்பும் பட்டாணியும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

உனக்குச் சொல்வதற்கு முன்னால் அப்பாவிடம் ஒப்புக்கொள்வதுதான் முறை என்று வியாழக்கிழமை மனதைத் திடப்படுத்திக்கொண்டு சொல்லிவிட்டேன், நாய் விஷயம் தவிர. மனுஷர் ஒன்றரை நாள் என்னோடு பேசவில்லை. வெறும் ரொட்டியைத் தின்றுகொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஏமாற்றப்பட்டதற்காக வருந்துகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது கோபம் எதற்கென்று. "முப்பது வருஷம் ஸ்டோர் கீப்பரா இருந்தவன் நான். எதிர்வீட்டுல என் பெண்டாட்டி ஒரு ஸ்டோரே நடத்தியிருக்கா, என்கிட்ட ஒரு யோசனைகூடக் கேக்கல" என்றார். முதலில் வந்தது முதலில் வெளியே போக வேண்டும் என்கிற விதியை நீங்கள் கடைப்பிடித்தீர்களா என்று என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். கடைசியில், அன்னைக்கு அக்கா சொன்னப்ப நான் தலையாட்டியிருக்கக் கூடாது என்றார். இருபத்தாறு வருடம் தாமதம்தான், ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

நீ செய்ய வேண்டியது அதிகமில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம், நீ மட்டுமல்ல, மாப்பிள்ளையும். வெங்காயம் உரிப்பது அவருடைய வேலை என்று அம்மா சொன்னதாகச் சொல், கேட்டுக்கொள்வார். பருப்பை ஆழமான பாத்திரத்தில் அப்படியே விட்டால் ஆறாது, அகலமான தட்டுகளில் ஊற்று, சூடு தணிந்ததும் டப்பாவில் போட்டு உள்ளே வை, இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடக்க விடாதே. உருளைக்கிழங்கை உறைய வைக்காதே, வெளியே எடுத்தால் ஈரப் பஞ்சாக இருக்கும். காலையில் கிளம்பும்போது ஒரு டப்பாவை ஃப்ரீசரிலிருந்து கீழ்த் தட்டுக்கு மாற்றிவிட்டுப் போ, சாயங்காலம் கொதிக்கக் கொதிக்கச் சூடு பண்ணு, மீந்ததை மறுபடி உறைய வைக்காதே. ஏதோ ஒரு நாள் டப்பா இல்லையென்றால் கடையில் வாங்கிப் போடு, ஒன்றும் குடி முழுகிவிடாது. பெரியவன் தட்டைத் தள்ளினானாமே, நீயும் தள்ளியவள்தான், பசித்தால் தானே இழுத்துக்கொள்வான்.

ஒன்று கேட்கிறேன், நினைத்துப் பார். சாயங்காலங்களில் நான் எங்கே இருந்தேன்? அடுப்படியிலா? உன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து உன் கணக்குப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தீக்குச்சியில் நீ பாலம் கட்டுவாய், அது விழுந்தால் அழுவாய், மறுபடி கட்டலாம் என்று நான் பசை தடவித் தருவேன். தினமும் வேலைக்குப் போய்த் தினமும் சமைக்கிற ஒருத்திக்கு அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து கிடைத்திருக்கும் என்று இத்தனை விரிசல் கண்டுபிடிக்கிற நீ ஏன் யோசிக்கவில்லை? அந்த நேரத்தைத்தான் நான் திருடினேன். அதற்காக எனக்கு வெட்கமே இல்லை. என் வேலையை விடக்கூடாது என்று சொன்ன பொய் அது. அந்தப் பொய்யை நம்பி நீ உன் வேலையை விட்டால் மட்டும் எனக்குத் தாங்காது கண்ணே, அதை நினைத்துத்தான் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ நல்ல அம்மாதான். பிள்ளைகள் இருவரும் நோய்நொடி இல்லாமல் வளரட்டும், வெங்காயம் உரித்து அரிந்து மாப்பிள்ளையின் கத்தி பிடிக்கும் கை தேறட்டும், நீங்கள் நால்வரும் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனமார வாழ்த்துகிறோம். கயிற்றில் தொங்கும்போது கொக்கியை இரண்டு தரம் சரிபார்க்க மறக்காதே. அப்பா வரும் சத்தம் கேட்கிறது, முடித்துவிடுகிறேன். இருபத்தாறு வருடமாக நான் வகித்துவந்த, தினமும் புதிதாகச் சமைத்துப் போடும் அம்மா என்கிற பதவியை இன்றோடு ராஜினாமா செய்கிறேன், தயவுசெய்து ஏற்றுக்கொள். ஒரு குடும்பத்துக்கு ஒரு ராஜினாமா போதும். இழுப்பறையில் இருப்பதைக் கிழித்துப் போடு.

இப்படிக்கு,
பதவி போனாலும் என்றும் உன்
அம்மா